கென் கிரிஃபி ஜூனியரின் சியாட்டில் கார்டுகள்: வாங்குவது, சோதிப்பது, அடுக்குவது

அமெரிக்க பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் படம் அச்சிட்ட எல்லா கார்டுகளையும் சேர்த்து முடிப்பது நடக்காத காரியம். 1997 ஃபிளேர் ஷோகேஸ் தொகுப்பில் ஒவ்வொன்றும் ஒரே பிரதி மட்டும் அச்சிட்ட 'மாஸ்டர்பீஸ்' கார்டுகள் வந்தன. அன்றோடு 'முழுத் தொகுப்பு' என்ற பேச்சே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எண்ணிட்ட பேரலல்கள் (அதே கார்டின் நிறமோ பூச்சோ மாறிய பதிப்புகள்), ஜெர்சித் துண்டு கார்டுகள், ஓய்வுக்குப் பின்னும் ஆண்டுதோறும் வரும் புதியவை என்று பட்டியல் ஆயிரக்கணக்கில் நீள்கிறது. அதனால் முதல் வேலை கார்டு வாங்குவதல்ல, எல்லை போடுவது.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்ட எல்லை: 1989 முதல் 1999 வரை, சியாட்டில் மரைனர்ஸ் சீருடையில், டாப்ஸ், டான்ரஸ், ஃபிளீர், ஸ்கோர், அப்பர் டெக் போன்ற பெரிய நிறுவனங்களின் அடிப்படைத் தொகுப்புக் கார்டுகள். இதற்குள்ளேயே ஒரு சிக்கல் உண்டு. கிரிஃபி 2000 பிப்ரவரியில்தான் சின்சினாட்டி ரெட்ஸுக்கு மாற்றப்பட்டார். அதற்குள் அச்சுக்குப் போய்விட்ட 2000-ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் அவர் மரைனர்ஸ் சீருடையிலேயே இருக்கிறார். ஆண்டை வைத்துப் பிரிப்பதா, சீருடையை வைத்துப் பிரிப்பதா என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். பாதியில் மாற்றினால் கார்டுகளை வைக்கும் பைண்டரின் வரிசை முழுவதும் குலையும். ஆண்டை வைத்துப் பிரிப்பதே சுலபம், ஏனென்றால் எந்த ஆண்டின் தொகுப்பு என்று பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். 1987 பெல்லிங்ஹாம், 1988 சான் பெர்னார்டினோ என்ற மைனர் லீக் அணித் தொகுப்புகளையும் வெளியே விட்டுவிடலாம். அவற்றில் போலி எது, அசல் எது என்று பிரிப்பது தனி வித்தை.

பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். ஆண்டு, தொகுப்பு, கார்டு எண், சாதாரணமா பேரலலா, இடம்-வலம் ஓர விகிதம், மேல்-கீழ் ஓர விகிதம் (படம் கார்டின் நடுவில் அமைந்திருக்கிறதா என்பதன் அளவு), கண்ட குறை, கார்டு விலை, தபால் செலவு, எந்தப் பக்கத்தில் எந்தப் பை: இவ்வளவு பத்திகள் வேண்டும். தபால் செலவுக்குத் தனிப் பத்தி போடாதவர்கள் ஏமாறுகிறார்கள். 1990 டான்ரஸ் கிரிஃபி போன்ற கார்டு ஒரு டாலருக்கும் கீழே கிடைக்கும், ஆனால் அது வீடு வந்து சேர அதைப்போல் பல மடங்கு செலவாகும். இத்தகைய கார்டுகளை ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து வாங்க வேண்டும். '50 கிரிஃபி கார்டுகள்' என்று மொத்தமாக விற்பவற்றில் 1990, 1991 ஆண்டுகளின் ஒரே கார்டு பல பிரதிகளாக இருப்பது வழக்கம். எத்தனை வெவ்வேறு கார்டுகள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மேசைக் கருவிகள்: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டரில் அரைப் பிரிவு காட்டும் தெளிவான ஸ்கேல், டிஜிட்டல் காலிப்பர், பக்கவாட்டில் சாய்க்க முடிகிற எல்இடி மேசைவிளக்கு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. புற ஊதா விளக்கு இந்த வேலைக்குத் தேவையில்லை. பழங்காலக் கார்டுகளில், பிற்காலத்து வெண்மையூட்டிகள் கலந்த காகிதம் ஒளிர்வதை வைத்துப் போலியைப் பிடிப்பார்கள். 1989-இல் அசல் அட்டைகளிலேயே வெண்மையூட்டி கலந்திருக்கலாம் என்பதால் அந்தச் சோதனை இங்கே எதையும் சொல்லாது.

ரூக்கி கார்டுகள் ஆறு

ரூக்கி கார்டு என்றால் வீரர் பெரிய லீக்குக்கு வந்த முதல் ஆண்டின் கார்டு. 1989-இன் முக்கியமான ஆறு: அப்பர் டெக் எண் 1, டான்ரஸ் 33, ஃபிளீர் 548, போமன் 220, டாப்ஸ் டிரேடட் 41டி, ஸ்கோர் ரூக்கி அண்ட் டிரேடட் 100டி. 1989 டாப்ஸ் அடிப்படைத் தொகுப்பின் 792 கார்டுகளில் கிரிஃபி இல்லை. '1989 டாப்ஸ் ரூக்கி' என்று யாராவது விற்றால் அது டிரேடட் பெட்டியின் (அடிப்படைத் தொகுப்புக்குப் பின் தனியாக வந்த கூடுதல் தொகுப்பு) கார்டா என்று எண்ணைப் பாருங்கள். எண்ணின் கடைசியில் ஆங்கில 'டி' எழுத்து இருக்க வேண்டும்.

ஆறும் ஒரே ஆண்டில் வந்தவை என்றாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கெடும். எந்தக் கார்டு எங்கே கெடும் என்று தெரிந்தால், விற்பனையாளரின் படத்தைப் பார்த்த உடனே கண் அங்கே போகும். இந்தச் சேகரிப்பில் பணத்தை மிச்சப்படுத்துகிற அறிவு இதுதான்.

அப்பர் டெக் எண் 1-இல் கெடுவது மூலை. இந்தக் கார்டு அச்சுத் தாளின் மூலையில் இருந்தது. தாளைத் தூக்கும்போதும் அடுக்கும்போதும் முதலில் இடிபடுவது மூலைதான். அதோடு எண் 1 என்பதால், வாங்கியவர்கள் எண் வரிசையில் அடுக்கிய பெட்டிகளில் எல்லாம் இதுவே முதல் கார்டு. பெட்டிச் சுவரில் உரசிய தழும்பு முகப்பில் இருக்கும். விளக்கை மேசை மட்டத்துக்குச் சாய்த்து, கார்டை மெல்லத் திருப்பினால் மெல்லிய கீறல்கள் எழுந்து தெரியும். நேர் வெளிச்சத்தில் எடுத்த விற்பனைப் படத்தில் இவை தெரியவே தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் இந்தக் கார்டை மட்டும் வாங்க வேண்டாம்.

ஓர விகிதத்தை அளக்கும்போது இந்த வடிவமைப்பு கொஞ்சம் குழப்பும். வலப்புறத்தில் முதல் பேஸுக்கு ஓடும் கோட்டின் வடிவம் அச்சாகியிருப்பதால், வெள்ளை ஓரத்தை இடது-வலது ஒப்பிட்டுப் பார்ப்பது கடினம். இதே தொகுப்பின் சாதாரணக் கார்டு ஒன்றை, நன்றாக மையத்தில் அமைந்ததாகப் பார்த்துச் சில காசுகளுக்கு வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு கார்டு வேறு இரண்டு சோதனைக்கும் உதவும்.

முதலாவது, வெட்டு. மூலை மழுங்கிய கார்டை ஓரம் சீவிக் கூர்மையாக்கி விற்பார்கள். அளவு 63.5 × 88.9 மி.மீ. காலிப்பரால் அளந்தால் கார்டின் ஓரம் நசுங்கும், ஆகவே தொட்டுத் தொடாமல் அளக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, ஒப்பீட்டுக் கார்டோடு சேர்த்து இரண்டையும் ஒரு தட்டையான பரப்பில் நிமிர்த்தி வைத்து, மேல் விளிம்பு சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு பக்கவாட்டில் திருப்பி அதையே செய்வது. அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஆலையில் வெட்டிய விளிம்பும் கையால் சீவிய விளிம்பும் கைலென்ஸில் வேறு வேறு. சீவியது மற்ற மூன்று பக்கங்களைவிட வெண்மையாகவும் புதியதாகவும் இருக்கும்.

இரண்டாவது, போலி. இந்தக் கார்டுக்குப் போலிகள் நிறைய. கைலென்ஸில் படப்பகுதி ரோஜா இதழ்போல் அமைந்த புள்ளிகளாகத் தெரிய வேண்டும், கறுப்பு எழுத்துகள் புள்ளியில்லாத திட மையாக இருக்க வேண்டும். அசலை ஸ்கேன் செய்து அச்சிட்ட போலியில் எழுத்துகளும் புள்ளிகளாக உடைந்து, விளிம்பு மங்கியிருக்கும். பின்புற ஹோலோகிராமை ஒப்பீட்டுக் கார்டோடு வைத்து, ஒரே விளக்கில் ஒரே கோணத்தில் சாய்த்துப் பாருங்கள். வெறும் வெள்ளித்தாள் ஒட்டியதென்றால் அதில் உருவம் அசையாது. படத்தில் தொப்பி கையால் திருத்தப்பட்டதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சான் பெர்னார்டினோ அணிக்காக ஆடியபோது எடுத்த படத்தில் தொப்பியை மரைனர்ஸ் தொப்பியாக மாற்றியே அப்பர் டெக் அச்சிட்டது. அசலே அப்படித்தான்.

பெட்டி வாங்கி உடைத்துத் தேடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. குறைந்த எண் வரிசைப் பெட்டியில் 36 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 15 கார்டு, மொத்தம் 540. அந்த வரிசையில் 700 கார்டுகள். எல்லாம் சமமாகக் கலந்திருந்தால் ஒரு பெட்டிக்கு 0.77 கிரிஃபி. அந்த ஒன்றும் மையம் விலகி, மூலை இடிந்து வரலாம். தனிக் கார்டாக வாங்குவதே சரி.

டான்ரஸ் 33-இல் பார்க்க வேண்டியது விளிம்பு. பக்க ஓரங்கள் கறுப்பு, மேலும் கீழும் வண்ணம். மை விளிம்புவரை போவதால் துளி உதிர்ந்தாலும் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். அந்தப் புள்ளியை மார்க்கர் பேனாவால் மறைத்திருக்கிறார்களா என்பதைப் பின்புறத்திலிருந்தும் விளிம்பின் தடிமன் பக்கமாகவும் பாருங்கள். விளிம்பின் உள் அட்டையில் மை ஊறியிருந்தால் கார்டு திருத்தப்பட்டது. கார்டின் நிலையைச் சோதித்துப் பத்துக்கு மதிப்பெண் தந்து உறையிடும் கிரேடிங் நிறுவனம் அதற்குத் தரம் தராது.

டான்ரஸும் ஃபிளீரும் மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்தவை. பாக்கெட்டை ஒட்டிய மடிப்பை ஒட்டி இருந்த கார்டில் மெழுகு படிந்திருக்கும். முகப்பில் என்றால் நைலான் ஸ்டாக்கிங் துணியை விரலில் சுற்றி, அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்தால் வந்துவிடும். பளபளப்புப் பூச்சு இல்லாத பின்புறத்தில் மெழுகு அட்டைக்குள் ஊறிப்போயிருக்கும், அதை எடுக்க முடியாது. அயர்ன் பாக்ஸ், சூடு, கரைப்பான் என்று எதையும் முயல வேண்டாம், கறை பரவும்.

போமன் 220 அளவில் பெரியது: 63.5 × 95.25 மி.மீ. சாதாரணக் கார்டைவிட 6 மி.மீ. உயரம் கூடுதல். 1989-இல் வாங்கியவர்கள் வழக்கமான பெட்டியில் நிற்கவைத்து மூடியை அழுத்தினார்கள். அதனால் மேல் இரண்டு மூலைகளும் மழுங்கிய பிரதிகளே அதிகம். சாதாரண ஸ்லீவில் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) போட்டால் மேல் முனை வெளியே நீட்டிக்கொண்டு உரசும். 1952 டாப்ஸ் அளவுக்கென்று விற்கும் ஸ்லீவ் இதற்குச் சரியாக இருக்கும். ஒன்பது பைத் தாளில் இது போகாது. இந்த ஒரு கார்டுக்காகப் பைண்டரின் முதல் பக்கத்தைப் பெரிய பைகள் உள்ள தாளாக வைக்க வேண்டும். இதே தொகுப்பின் எண் 259, தந்தை கென் கிரிஃபி சீனியரும் மகனும் சேர்ந்த கார்டு. இருவரும் 1990 செப்டம்பர் 14 அன்று ஒரே ஆட்டத்தில் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். அதை நினைத்தால் இந்த மலிவான கார்டுக்கு ரூக்கி பக்கத்திலேயே இடம் கொடுக்கத் தோன்றும்.

ஃபிளீர், டாப்ஸ் டிரேடட், ஸ்கோர் மூன்றும் எளிதாகவும் நல்ல நிலையிலும் கிடைக்கும். மைய விகிதத்தை மட்டும் பார்த்து வாங்கலாம். இடது ஓரம் 1.2 மி.மீ., வலது 1.8 மி.மீ. என்றால் கூட்டுத்தொகை 3, விகிதம் 40/60. இதைத் தாண்டியதை எடுக்க வேண்டாம், இன்னும் நல்லது கட்டாயம் கிடைக்கும்.

1990 முதல் 1997 வரை

முதல் சில ஆண்டுகளில் அச்சு எண்ணிக்கை மிக அதிகம், விலை மிகக் குறைவு. டாப்ஸ் 336, டான்ரஸ் 365, ஸ்கோர் 560, அப்பர் டெக் 156, லீஃப் 245 என்று 1990 வரிசை ஒரே வாரத்தில் நிறைந்துவிடும். 1990 டான்ரஸின் சிவப்பு ஓரம் உதிரும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

1991-இல் டாப்ஸ் ஸ்டேடியம் கிளப் 270 வந்தது. விளிம்புவரை படம், இருபுறமும் கனமான பளபளப்புப் பூச்சு. ஈரப்பதத்தில் அடுக்கி வைத்தால் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். திறக்காத பாக்கெட் வாங்கினால் இதை எதிர்பார்த்தே திறங்கள். ஒட்டிய இரண்டை இழுத்துப் பிரித்தால் ஒன்றின் பூச்சு மற்றதோடு போய்விடும். கட்டியை இரு நீள விளிம்பிலும் பிடித்து, மிக லேசாக முன்னும் பின்னும் வளைக்க வேண்டும். விடுபடும்போது மெல்லிய 'டப்' என்ற ஓசை கேட்கும். விடுபடாதவற்றைக் காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுக்கலாம். எடுத்த உடனே பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்டின் மேலேயே நீர் பூத்துவிடும். கிரிஃபி நடுவில் மாட்டியிருந்தால் மேலும் கீழும் உள்ள கார்டுகளைப் பலி கொடுத்தாவது அதைக் காப்பாற்றலாம்.

1991 டாப்ஸ் 790 சாதாரணமாக மிக மலிவு. ஆனால் வளைகுடாப் போரில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு அனுப்பிய 'டெசர்ட் ஷீல்ட்' பிரதிகளில் தங்க நிற முத்திரை இருக்கும், விலை எங்கோ போகும். இங்கே கைலென்ஸ் சோதனை போதாது. கார்டு அசல், முத்திரை மட்டும் போலி என்பதே வழக்கமான மோசடி. மலிவான அசல் கார்டில் பொன்முலாம் முத்திரை குத்திவிடுகிறார்கள். முத்திரையின் கோடுகளை அசலோடு ஒப்பிட்டுப் பழகாதவர்கள் இதைக் கிரேடிங் ஆகி உறையில் இருப்பதாக மட்டும் வாங்க வேண்டும்.

1993 டாப்ஸ் ஃபைனஸ்ட் 110-இல் சாதாரணமும் ரிஃப்ராக்டரும் உண்டு. ரிஃப்ராக்டர் ஒவ்வொன்றும் 241 பிரதி அச்சானதாகச் சேகரிப்பாளர்கள் மத்தியில் சொல்லப்படுகிறது. பின்புறத்தில் 'ரிஃப்ராக்டர்' என்ற சொல் இருக்காது. ஒரே விளக்கின் கீழ் சாய்க்கும்போது வானவில் வண்ணம் ஓடுகிறதா என்பதுதான் அடையாளம். சாதாரணக் கார்டும் உலோகம்போல் மின்னும் என்பதால் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சாய்த்துக் காட்டும் காணொளி கேளுங்கள். இந்த ஆரம்பகால ஃபைனஸ்ட் கார்டுகள் காலப்போக்கில் பச்சை படரும். அது அழுக்கல்ல, பூச்சின் மாற்றம், துடைத்தால் போகாது. அதே வகைக் கார்டுகள் ஈரப்பதம் மாறும்போது வில்லாக வளையவும் செய்யும். முகப்புப் படலம் ஈரத்தை வாங்காது, பின்னால் உள்ள காகிதம் வாங்கும், அதுதான் காரணம். எடை வைத்து நிமிர்த்தாமல், ஈரப்பதம் சீரான இடத்தில் டாப்லோடரில் (கெட்டியான பிளாஸ்டிக் உறை) வைத்து விட்டுவிடுவதே பாதுகாப்பு.

1994-க்குப் பிறகு ஃபைனஸ்டில் உரித்தெடுக்கும் பாதுகாப்புப் படலம் வந்தது. உரித்ததும் உரிக்காததும் இரண்டுமே சந்தையில் உண்டு. பைண்டரில் இரண்டையும் கலக்காமல் ஒரே முறையில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

1997 அப்பர் டெக்கின் ஜெர்சித் துண்டுக் கார்டு ஜிஜே1 அடிப்படைத் தொகுப்பில் சேராது; ஆனாலும் சேர்க்க நினைத்தால் இந்த ஆண்டுகளில் மிகக் கடினமான ஒன்று. 800 பாக்கெட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் போடப்பட்டது, மூன்றே வீரர்கள்: கிரிஃபி, டோனி குவின், ரே ஆர்டோனியஸ். பேஸ்பாலில் சீருடைத் துண்டு பதித்த கார்டுகளின் தொடக்கம் இது. பட்டியலில் கடைசி வரியாக வைத்து, மற்றவை முடியும்வரை பணம் சேர்த்தால் போதும்.

உறையும் அடுக்கும்

வாங்கிய கார்டு பழைய உறையில் வந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். 1989-90-களில் கிரிஃபி ரூக்கியைத் திருகாணி போட்ட கனமான பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே வைப்பது வழக்கமாக இருந்தது. திருகாணியை அதிகம் முடுக்கினால் கார்டு நசுங்கி விரியும், பளபளப்புப் பூச்சு தகட்டோடு ஒட்டும். அப்படி வந்தால் நான்கு திருகாணிகளையும் சுற்று முறையில் கால் திருப்பமாகத் தளர்த்தி, மேல் தகட்டை நேராகத் தூக்குங்கள், பக்கவாட்டில் நகர்த்த வேண்டாம். பழைய பைண்டர் தாள்களில் பிவிசி இருந்தால் கடுமையான பிளாஸ்டிக் வாடை வரும், தொட்டால் பிசுபிசுக்கும். அதிலிருந்து கசியும் மென்மையூட்டி மேற்பரப்பை மங்கவைக்கும். பாலிப்ரொப்பிலீன் தாள்கள் மட்டுமே வாங்குங்கள்.

பைண்டரின் வளையம் டி வடிவில் இருக்கட்டும். வட்ட வளையத்தில் முதல் சில தாள்கள் வளைவின் மேல் ஏறி, வளையத்தை ஒட்டிய கார்டுகளில் பள்ளம் விழும். ஒவ்வொரு கார்டையும் மெல்லிய ஸ்லீவில் போட்டுப் பிறகு தாளின் பையில் செருகினால் விளிம்பு உரசாது. பைண்டரை நிமிர்த்தி நிறுத்துங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைக்க வேண்டாம். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நின்றால் நல்லது. அலமாரியில் ஒரு சின்ன ஈரமானியும், நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லும் போதும்.

டாப்லோடர் தடிமனைப் 'பாயிண்ட்' கணக்கில் சொல்வார்கள், ஒரு பாயிண்ட் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. சாதாரணக் கார்டுக்கு 35 பாயிண்ட் டாப்லோடர் சரி. ஜெர்சித் துண்டுக் கார்டு தடிமன் அதிகம் என்பதால் உறையை வாங்குமுன் அளந்து கொள்ளுங்கள். இறுக்கமானதில் அழுத்திப் போட்டால் மூலை போய்விடும், அகலமானதில் ஆடினால் விளிம்பு உரசும்.

கிரேடிங்குக்கு எதை அனுப்புவது

அப்பர் டெக் எண் 1, பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம் அதிகமாகத் தரமிட்ட கார்டுகளில் ஒன்று. எட்டும் ஒன்பதும் குவிந்து கிடக்கின்றன, பத்து கிடைத்தவை சிறு பங்குதான். கையில் இருப்பது ஒன்பதுதான் பெறும் என்று தோன்றினால், அனுப்பும் செலவையும் கட்டணத்தையும் கூட்டி, ஏற்கெனவே ஒன்பது பெற்ற கார்டின் விற்று முடிந்த விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் உறையில் இருப்பதையே வாங்குவது மலிவாக இருக்கும். விற்பனைக்குக் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள்.

அனுப்பத்தான் போகிறோம் என்றால்: உலர்ந்த மைக்ரோஃபைபரால் தூசியை எடுத்து, புதிய ஸ்லீவில் போட்டு, அதை 'கார்டு சேவர் 1' என்ற வளையும் உறையில் செருகுங்கள். டாப்லோடர் வேண்டாம், எடுக்கும்போது மூலை இடிக்கும். ஸ்லீவின் வாயில் பெயின்டர்ஸ் டேப் துண்டு ஒன்றை நுனி மடித்து ஒட்டினால், பிரிப்பவர் கார்டைத் தொடாமல் இழுத்தெடுக்கலாம். செல்லோ டேப் பசை விடும், அதை எங்குமே ஒட்டாதீர்கள். படிவத்தில் எழுதிய வரிசையிலேயே கார்டுகளை அடுக்கி, இரு பக்கமும் கார்டைவிடப் பெரிய நெளிவு அட்டை வைத்து, ரப்பர் பேண்ட் அட்டையின் மேல் மட்டும் படும்படி தளர்வாகக் கட்டுங்கள். பெட்டிக்குள் அசைவு இல்லாதபடி நான்கு புறமும் குமிழுறை நிரப்புங்கள். அனுப்புமுன் ஒவ்வொரு கார்டின் முன்னும் பின்னும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் இணைத்து வையுங்கள். திரும்பி வந்ததும் லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்து, ஆண்டும் கார்டு எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்து, அந்த எண்ணையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.